ஒட்டிக்கொள்ளும் தொடுமுனைகள்: மின்னணுச் சாதனங்களும் ரிலே பாதுகாப்பும்

பெங்களூர் நகரின் அடுகோடி, இந்தியத் தொழில் வளர்ச்சியின் இரு கட்டங்களையும் கண்ட பகுதியாகும். 1951இல் நிறுவப்பட்ட மைக்கோ நிறுவனம் இங்கு ஆலை அமைத்து, வாகன எஞ்சின்களுக்குரிய ஸ்பார்க் பிளக்குகளையும் எரிபொருள் பம்புகளையும் தயாரித்தது. அதே இடத்தில் எழுந்த பாஷ் நிறுவனத்தின் புதிய தொழில்நுட்ப வளாகம் 2022 ஜூன் 30 அன்று திறந்து வைக்கப்பட்டது. இயந்திரங்கள் நிறைந்த ஆலைகளிலிருந்து கணினிகள் நிறைந்த அலுவலகங்களுக்கு நிகழ்ந்த இம்மாற்றத்தால் மின்பளுவின் இயல்பும் மாறியுள்ளது. ஆனால் அதனை இயக்கும் ரிலேயைத் தேர்ந்தெடுக்கும் முறை பல இடங்களில் மாறவில்லை.

மோட்டார் போன்ற தூண்டல் பளுவில், இணைப்பைத் துண்டிக்கும்போது தொடுமுனைகளுக்கிடையே மின்வில் தோன்றுகிறது. கணினி, எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றிலோ இணைக்கும்போதே ஆபத்து நேர்கிறது. இவற்றின் உள்ளே மின்திருத்தியை அடுத்து ஒரு மின்தேக்கி உள்ளது. வெறுமையாக உள்ள மின்தேக்கி, தொடக்கக் கணத்தில் குறுக்குச் சுற்றைப் போலவே செயற்படுகிறது. 230 வோல்ட் மின்வழங்கலின் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட். சுற்றின் மொத்தத் தடை 5 ஓம் எனில், உச்ச நிலையில் இணைக்கும்போது 65 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு கணம் பாயக்கூடும். அச்சாதனத்தின் வழக்கமான தேவை அரை ஆம்பியராகவே இருக்கலாம்!

ரிலே மூடும்போது தொடுமுனைகள் சில முறை துள்ளி விழுகின்றன. அப்போது உருகும் உலோகம் மறுகணமே இறுகி, முனைகளைப் பற்றவைத்து விடுகிறது. அதன்பின் கட்டுப்பாட்டுப் பலகை ‘அணைக்கப்பட்டது’ எனக் காட்டினாலும் மின்சாரம் தொடர்ந்து பாயும். தெருவிளக்குகள் பகலிலும் எரியும்; பழுதுபார்க்க வரும் ஊழியரின் உயிருக்கும் ஆபத்து நேரும். 2015 ஜனவரியில் தொடங்கப்பட்ட தெருவிளக்குத் தேசியத் திட்டத்தின் கீழ் எல்.இ.டி. விளக்குகள் பரவலாகப் பொருத்தப்பட்டதால் இப்பிரச்சினை நகராட்சிகளுக்கும் உரியதாயிற்று.

பாதுகாப்பு முறைகள் பல உள்ளன. தெர்மிஸ்டரைத் தொடராக இணைப்பது எளியது. குளிர்ந்த நிலையில் அதன் தடை மிகுந்தும், சூடேறியபின் குறைந்தும் இருக்கும். எனினும், அணைத்த உடனே மீண்டும் இயக்கினால் அது பயன் தராது. மாறுதிசை மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் கணத்தில் இணைப்பது மற்றொரு முறை. 50 ஹெர்ட்ஸ் வழங்கலில் இக்கணம் 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை வரும். ரிலே மூட எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே ஆணையிட வேண்டும். ஆனால் மின்மாற்றிகளுக்கு இம்முறை பொருந்தாது. டிரையாக் ஒன்றை ரிலேக்கு இணையாக அமைத்து, முதல் மின்னோட்டத்தை அதன் வழியே செலுத்துவதும் உண்டு. வெள்ளி–வெள்ளீய ஆக்சைடுத் தொடுமுனைகள் ஒட்டும் இயல்பு குறைந்தவை.

தொடுமுனைகளுக்குக் குறுக்கே மின்தடையும் மின்தேக்கியும் அமைப்பது தூண்டல் பளுவுக்கே ஏற்றது. எல்.இ.டி. விளக்குகளில் அதன் வழியே கசியும் மின்னோட்டம், அணைத்த விளக்கையும் மங்கலாக ஒளிரச் செய்யும்.

எனவே ஒப்பந்தப்புள்ளி கோரும் அதிகாரிகள், ‘10 ஆம்பியர் ரிலே’ என்று மட்டும் குறிப்பிடுவது போதாது. அவ்வளவு தடைப் பளுவுக்குரியதாகவே பெரும்பாலும் இருக்கும். பளுவின் வகை, தாங்க வேண்டிய தொடக்க மின்னோட்டம், அதன் கால அளவு ஆகிய மூன்றையும் வரையறுப்பது இன்றியமையாதது. அத்துடன், பழுதுபார்க்குமுன் ரிலேயை நம்பாது முதன்மை இணைப்பைத் துண்டித்துச் சோதிப்பதை விதியாக்குதல் வேண்டும்.