சூட்டுப் போட்டிகளிற் கருவியும் விலையும்

குறி பார்த்துச் சுடுவதில் வல்லவன் யார் என்பதை அறிதற்கே போட்டி நடத்துகின்றோம். ஆயின், குண்டு இலக்கின் நடுவிற் படுதற்குச் சுடுவோனின் கண்ணும் கையும் மூச்சும் எவ்வளவு காரணமோ, அவன் ஏந்திய றைபிளும் ஏறத்தாழ அவ்வளவு காரணமாகும். செல்வன் வாங்கும் கருவியை வறியவன் வாங்க இயலாதாயின், அங்கே அளக்கப்படுவது திறமையா, பணப்பையா என்னும் வினா எழும். இவ்வினாவுக்கு விடையாகவே கருவி விதிகள் தோன்றின. அவ்விதிகளே பொழுதுபோக்காகச் சுடுவோர்க்குப் பெருந்தொல்லையாகவும் அமைந்தன. அஃது ஏன் என்பதை இங்கு ஆராய்வோம்.

இவ்விடர் புதியதன்று. இங்கிலாந்தில் 1859ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய றைபிள் சங்கம், 1860இல் விம்பிள்டன் திடலிலே தன் முதற் போட்டியை நடத்தியது. விக்டோரியா மகாராணியார் 400 யார் தூரத்திலிருந்து முதற் குண்டைச் சுட்டுத் தொடக்கி வைத்தார். அவர் சுட்ட விற்வேர்த் றைபிள் ஒரு தாங்கியிலே அசையாது பொருத்தப்பட்டிருந்தது; அரசியார் இழுக்க வேண்டியிருந்தது விசையிற் கட்டிய கயிற்றை மட்டுமே. குண்டு இலக்கின் நடுவை அண்டிப் பட்டது. அறுகோணத் துளையுடைய அந்த றைபிள், அக்காலப் படைவீரன் சுமந்த என்பீல்ட் துவக்கினும் ஏறத்தாழ நான்கு மடங்கு விலையுடையது. நல்ல கருவி தானே என்ன செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவ்வாண்டு அரசியார் பரிசுக்கான போட்டியின் முதற் கட்டத்தை என்பீல்ட் கொண்டும், இறுதிக் கட்டத்தை விற்வேர்த் கொண்டும் சுட்டனர். ஒரு கட்டத்தில் யாவர்க்கும் ஒரே வகைக் கருவி என்பது எளிய வழி. கருவியை வழங்குதற்குப் படையோ சங்கமோ உள்ளவிடத்து அது பொருந்தும். தத்தம் கைப்பணத்திற் கருவி வாங்குவோரிடையே வேறு வழி தேட வேண்டும்.

அவ்வழிகளுள் ஒன்று விலைக்கு வரம்பு கட்டுதல். அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய பிரிசிஷன் றைபிள் சீரீஸ் என்னும் போட்டித் தொடரிலே, தடுப்புகளின் மீதும் தூண்களின் இடையிலும் றைபிளைத் தாங்கிக்கொண்டு, தொலைவிலுள்ள இரும்புத் தகடுகளைக் குறித்த நேரத்துள் அடிக்க வேண்டும். தனியே கம்மியரைக் கொண்டு செய்வித்த றைபிள்களே இங்கு மேலோங்கின. எனவே, கடையிற் கிடைக்கும் றைபிளுடன் வருவோர்க்கெனப் 'புரடக்சன்' என்னும் பிரிவை ஏற்படுத்தினர். அதன் முன்னைய விதியின்படி, றைபிளும் தொலைநோக்கியும் சேர்ந்து 3,000 டொலருக்கு மேற்படலாகாது. றைபிளும் தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே இருத்தல் வேண்டும். பின்னர் அவ்வரம்பு உயர்த்தப்பட்டது.

நோக்கம் நல்லதே. ஆயின், எந்த விலை? விதி கொண்டது செய்வோன் அறிவிக்கும் பட்டியல் விலையை. உயர்ந்த றைபிளொன்றைப் பிறர் கையிலிருந்து பாதி விலைக்கு வாங்கியவன் இவ்விதியால் வெளியே நிற்பான். செய்வோன் அடுத்த ஆண்டு பட்டியல் விலையை ஐம்பது டொலர் உயர்த்தினால், நேற்று விதிக்கமைந்த துவக்கு இன்று வரம்பைக் கடந்துவிடலாம். துவக்கிலோ அணுவளவு மாற்றமுமில்லை. நிறையும் நீளமும் பொருளின் குணங்கள். விலையோ சந்தையின் குணம். சூட்டுத் திடலிலே நிற்கும் நடுவர் அதனை எந்தத் தராசிலே நிறுப்பார்?

மாற்றம் செய்யலாகாது என்னும் விதி இதனினும் வருத்தந் தருவது. ஒருவன் 500 டொலருக்கு எளிய றைபிளை வாங்கி, அதன் கரடான விசையை நீக்கி, 150 டொலருக்கு நல்ல விசையொன்றைப் பூட்டுகின்றான் எனக் கொள்வோம். அவன் செலவு 650. அவனுக்கு அப்பிரிவில் இடமில்லை. நல்ல விசையுடனேயே தொழிற்சாலையிலிருந்து வந்த, மும்மடங்கு விலையுள்ள றைபிளை வாங்கியவனுக்கு இடமுண்டு. சிக்கனக்காரனைக் காக்க எழுந்த விதி அவனையே தண்டிப்பதென்றால் எரிச்சல் வாராதோ? விதி வகுத்தோர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஒரு மாற்றத்துக்கு இடங்கொடுத்தால் குழலை மாற்றுதல் வரை அது நீளும்.

மேலும், செலவு துவக்கோடு முடிவதன்று. இப்போட்டிகளில் விரும்பப்படும் 6 மில்லிமீற்றர் வகைக் குழல்கள் ஏறத்தாழ 2,000 குண்டுகளளவிலே தேய்ந்து நுட்பம் இழக்கத் தொடங்கும். தோட்டா, பயணம், பயிற்சி ஆகியவற்றுக்கு எவ்விதியும் வரம்பு கட்டவில்லை. வாரந்தோறும் நூறு தோட்டா சுடக்கூடியவனை மாதத்துக்கு இருபது சுடுபவன் வெல்வது அரிது. இருவர் கையிலும் ஒரே றைபிள் இருந்தாலும் அப்படியே. விலை வரம்பினால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை: புதியவன் அஞ்சாது வருதற்கு ஒரு வாயில் திறந்தது. றூகர் நிறுவனம் 2015இல் வெளியிட்ட பிரிசிஷன் றைபிளின் பட்டியல் விலை 1,399 டொலர். அத்தகைய கருவியுடன் வருவோர்க்கு இப்பிரிவு ஏற்றதாயிற்று.

விலையை விட்டு, அளக்கக்கூடியதை அளப்பது மற்றொரு வழி. அமெரிக்காவின் சிவிலியன் மாக்ஸ்மன்ஷிப் புரோகிராம் நடத்தும் சிறுதோட்டா 'ஸ்போட்டர்' போட்டிக்குரிய அடிப்படை வகைகளில், றைபிளின் நிறை 7½ றாத்தலுக்கு மேற்படலாகாது; விசையோ 3 றாத்தற் பாரத்தைத் தாங்க வேண்டும். றைபிளை நிமிர்த்தி, விசையிலே பாரத்தைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்த்தாற் போதும். விசை விழுந்தால் வழக்குமில்லை, வாதமுமில்லை. பணம் படைத்தவன் இங்கும் நல்ல குழலை வாங்குவான். ஆயினும் கனத்த குழலும் மெல்லிய விசையும் தரும் பெரும் நயத்தை அவனால் வாங்க இயலாது.

பள்ளி மாணவர் சுடும் 10 மீற்றர் வளித்துவக்குப் போட்டியிலும் 'ஸ்போட்டர்' வகுப்பு உண்டு. அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட மாதிரிகளின் பட்டியலொன்றை வெளியிடுகின்றனர். விலையைக் கருதுவது அப்பட்டியலை வகுப்போரின் வேலை. போட்டியன்று துவக்கின் பெயரைப் பார்த்தாலே போதும். அதனினும் முக்கியமானது உடை பற்றிய விதி. ஒலிம்பிக் முறையிற் சுடுவோர் அணியும் விறைப்பான மேலங்கி உடலைத் தூண்போல் நிறுத்த உதவும், துணி 2.5 மில்லிமீற்றர் தடிப்புக்கு மேற்படாமல் அதனைக் கருவி கொண்டு அளக்கின்றனர். மாணவரின் 'ஸ்போட்டர்' வகுப்பிலோ அம்மேலங்கியும் சூட்டுக் காற்சட்டையும் சிறப்புக் காலணியும் முற்றாக விலக்கப்பட்டுள்ளன. மாணவன் தான் பள்ளிக்கு அணிந்து வந்த உடையோடு நின்று சுடலாம்.