நெஞ்சில் நிற்கும் எழுத்து

சினிமா சுவரொட்டிக்கும் பத்திரிகைத் தலைப்புக்கும் பனியன் நெஞ்சுக்கும் வரையும் எழுத்துக்கு ஒரே வேலைதான்: தூரத்திலேயே கண்ணைப் பிடித்து இழுப்பது. அதை வரைகிறவர்கள் கற்பனை தேடிக் கல்வெட்டுக்கும் கோயில் தூணுக்கும் போகிறார்கள். போகட்டும். ஆனால் எழுத்துக்குப் புதுமுகம் கொடுத்தது பெரும்பாலும் அது உட்கார்ந்த பொருள் வைத்த தடைதான். ஓலை ஏடுகளில் பெரும்பாலும் புள்ளியே கிடையாது. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை ஓட்டையாகிவிடும். (நேர்கோடு ஓலையைக் கிழிக்கும் என்றுதான் தமிழெழுத்து வளைந்தது என்பார்கள். ட-வும் ப-வும் மூலையோடு நிற்கும்போது அதை முழுதாக நம்ப முடியவில்லை.) ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவை, காகிதத்தைத் தின்றன. அங்கே பாதிரியார் சீகன்பால்கின் அச்சுக்கூடம் தானே சிறியவற்றை வார்த்துக்கொண்டது. 1978-இல் அமெரிக்கத் தொலைபேசி விவரத்தொகுப்புகளுக்காக மேத்யூ கார்ட்டர் வரைந்த 'பெல் சென்டெனியல்' எழுத்துரு இன்னும் தெளிவான சாட்சி. மட்டமான காகிதத்தில் மை பரவும் என்று தெரிந்தே, கோடுகள் கூடும் மூலைகளில் அவர் வெட்டு விட்டார். பொடி எழுத்தில் மை அந்த வெட்டை நிரப்பிவிடும். பின்னாளில் அதே வெட்டுகளைப் பெரிதாக்கி, அழகுக்காகவே தலைப்புகளில் வைக்கத் தொடங்கினார்கள்.

அந்த மாதிரித் தடைகள் பனியன் ஊரான திருப்பூரில் கொட்டிக் கிடக்கின்றன. சிங்கிள் ஜெர்சி துணி நீளவாக்கைவிட அகலவாக்கில் அதிகம் இழுபடும். உடம்பில் ஏறியதும் எழுத்தும் பக்கவாட்டில் பருக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மெஷ் வழியே இறங்கும் மை மெல்லிய இடைவெளிகளை அடைத்துவிடும். தமிழுக்கு இது பெரிய வம்பு: ண-வுக்கும் ன-வுக்கும் வித்தியாசமே ஒரு சுழிதான். சுழி அடைபட்டால் 'மணம்' எது, 'மனம்' எது என்று தெரியாது. ஜக்கார்டு காலரில் எழுத்தைப் பின்னினால் வேறு சிக்கல். பின்னலின் ஒரு கண்ணி பொதுவாக உயரத்தைவிட அகலம் கூடியது. சதுரக் கட்டத் தாளில் போட்ட எழுத்து அங்கே குள்ளமாகிவிடும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே கணக்கில் வைத்து, சுழிகளை அகலத் திறந்து, குறுக்கே ஒடுக்கி, படிப்படியான வளைவோடு ஒரு தமிழெழுத்து வரைந்தால், அது வேறெந்த ஊரிலும் பிறந்திருக்க முடியாத முகத்தோடு இருக்கும். 'பலூ தம்பி' போன்ற தடித்த எழுத்துருக்கள் துணியில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் அவை துணிக்கென்று வரைந்தவை அல்ல.

வெளிநாட்டு பையர் அனுப்பும் டிசைனை அப்படியே அடிக்கிற ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஏற்றுமதிக்கு அது பொருந்தும், காதர்பேட்டை பனியன் சந்தைக்குப் பொருந்தாது. அந்த உள்ளூர்ச் சந்தையில் தமிழ் வாசகம் போட்ட டி-சர்ட்டை விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். டிஜிட்டல் பிரிண்ட் வந்தபின் மெஷ் தொல்லையே இல்லையே என்பது இன்னும் வலுவான மறுப்பு. மெஷ் போகும், சரி. துணி இழுபடுவது போகாது. எம்பிராய்டரி ஊசிக்கும் ஜக்கார்டு கண்ணிக்கும் உள்ள வரம்பும் போகாது. அப்படியே எல்லாத் தடையும் நீங்கினாலும், அவற்றால் பிறந்த வடிவம் வீணாவதில்லை என்பதற்குக் கார்ட்டரின் வெட்டுகளே போதும். திருப்பூரிலேயே நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்கள் பிரிண்டிங் பட்டறைகளோடு உட்கார்ந்து, பனியன் துணிக்கென்றே ஒரு தமிழ் எழுத்துருவை வரைய வேண்டும்.