டீசல் வருது, கேமராவை எடு!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

கிரிக்கெட் வீரரைப் படம் எடுப்பவர்கள் உண்டு. சினிமா நட்சத்திரத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ரயில் எஞ்சினைப் படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து போகும் பைத்தியத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நம்ம வகுப்பில் ஜன்னலோர பெஞ்சைத் திரும்பிப் பாருங்கள். நான்தான்.

"போயும் போயும் இரும்பு வண்டியப் போட்டோ புடிக்கிறியேடா, வீட்ல நாலு மனுஷங்க இருக்கோமே, எங்கள எடுக்கக் கூடாதா?" என்று அம்மா கேட்காத வாரம் இல்லை. அதற்கு நான் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சின் மாட்டிக் கழற்றும் வேலை பார்த்தவர். அப்போது மீட்டர்கேஜ் காலம். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் வண்டியை விழுப்புரம் வரை மின்சார எஞ்சின் இழுத்து வரும். அங்கே அதைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் சத்தத்தை வைத்தே "டீசல் ரெடி" என்று சொல்லிவிடுவாராம். தாத்தா இப்போது இல்லை. அவர் மாட்டிய எஞ்சினும் இல்லை. அந்த எஞ்சினுக்கு ஒரு படம்கூட எங்கள் வீட்டில் கிடையாது. எண்கூடத் தெரியாது. நான் பார்க்கும் எஞ்சின்களுக்காவது எண்ணோடு ஒரு படம் இருக்கட்டும் என்று ஆரம்பித்ததுதான் இது.

நம்ம ஊர் ரயில் கதை கொஞ்சம் தலைகீழானது. பல ஊர்களில் நீராவி, பிறகு டீசல், கடைசியில் மின்சாரம் என்று வரிசையாக வந்தது. கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடிவிட்டது. டீசல் எஞ்சின் இந்த நாட்டில் பெருவாரியாக வந்ததே 1960-களில்தான். ஆகவே மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் டீசல், மின்கம்பிக்குக் கீழே ஓடிய விருந்தாளிதான். 1990-களின் கடைசியில் தெற்குப் பாதை அகலப்பாதையானபோது அந்த விருந்தாளிக்கு யோகம் அடித்தது. திருச்சி, மதுரை வண்டிகளை எழும்பூரிலிருந்தே பெரிய டீசல் இழுத்துக்கொண்டு போனது. பிறகு கம்பி தெற்கே நீள நீள, டீசல் பின்வாங்கியது. இன்று மாம்பலம் பிளாட்பாரத்தில் நின்றால் வருவதெல்லாம் மின்சார எஞ்சின்தான். யார்டில் காலிப் பெட்டிகளைத் தள்ளும் எஞ்சினாகவோ, எப்போதாவது ஒரு தனி எஞ்சினாகவோதான் டீசலைப் பார்க்கலாம். மயிலாப்பூர்க்காரர்கள் மன்னிக்கவும். உங்கள் பறக்கும் ரயில் 1997-ல் திருமயிலைக்கு வந்த நாள் முதல் மின்சாரம்தான். அங்கே நின்று பிரயோஜனம் இல்லை. நான் நின்று பார்த்துவிட்டேன்.

எஞ்சின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால்தான் படத்துக்கு மதிப்பு. முதல் எழுத்து பாதையைச் சொல்லும்: 'டபிள்யூ' என்றால் அகலப்பாதை, 'ஒய்' என்றால் மீட்டர்கேஜ். அடுத்தது 'டி' என்றால் டீசல். மூன்றாவது வேலை: 'எம்' எல்லாவற்றுக்கும், 'பி' பயணிகள் வண்டிக்கு, 'ஜி' சரக்குக்கு. தாத்தா மாட்டியது அநேகமாக ஒய்.டி.எம்.-4. பக்கவாட்டில் ஷெட்டின் பெயர் சுருக்கமாக இருக்கும். ஜி.ஓ.சி. என்றால் பொன்மலை, ஈ.டி. என்றால் ஈரோடு, ஈ.ஆர்.எஸ். என்றால் எர்ணாகுளம், டி.என்.பி. என்றால் நம்ம தண்டையார்பேட்டை.

இவற்றில் ராஜா டபிள்யூ.டி.எம்.-2. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 2600 குதிரைத்திறன், 16 சிலிண்டர், எடை 112.8 டன். முதல் எஞ்சின்கள் 1962-ல் கப்பலில் வந்தன. 1964 முதல் வாரணாசியில் நாமே செய்தோம். ஆல்கோ கம்பெனி 1969-லேயே இழுத்து மூடப்பட்டது. ஆனால் அதன் 251 வகை எஞ்சின் அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் வாரணாசியில் தயாராகிக்கொண்டே இருந்தது. பெற்றவள் போனாலும் வளர்த்தவள் விடவில்லை.

டீசல் எஞ்சின் என்று சொல்கிறோமே தவிர, டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டர் தரும் மின்சாரம் அச்சுகளில் இருக்கும் மோட்டார்களைச் சுற்றும். ஒரு கரண்ட் ஆபீசைத் தானே சுமந்துகொண்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தெரிந்துகொள்வது படத்துக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? புகைக்காகத்தான்.

டிரைவர் கையில் எட்டு 'நாட்ச்' உண்டு. வண்டி கிளம்பும்போது நாட்சை ஏற்றினால் சிலிண்டருக்குப் போகும் டீசல் உடனே கூடுகிறது. ஆனால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தில்தான் சுற்றுகிறது. அது வேகம் பிடிக்கச் சில வினாடி ஆகும். அந்தச் சில வினாடிகளில் டீசல் அதிகம், காற்று குறைவு. எரியாத கரி, கரும்புகையாக மேலே குபுகுபுவென்று எழும்பும். ஆல்கோவின் அழகே அந்தப் புகைதான். (சுற்றுச்சூழல் பாடம் எடுக்கும் சார் இதைப் படிக்க வேண்டாம்.) ஆகவே ஓடும் எஞ்சினைத் துரத்தாதீர்கள். சிக்னல் பச்சையானதும் கேமராவைத் தூக்கி, கிளம்பும் கணத்துக்காகக் காத்திருங்கள். 1999-ல் ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து வந்த 4000 குதிரைத்திறன் டபிள்யூ.டி.ஜி.-4-க்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அது டூ-ஸ்ட்ரோக், ஒரே சீராக உறுமும். ஆல்கோ ஃபோர்-ஸ்ட்ரோக், நின்றிருக்கும்போதுகூட இருமிக்கொண்டே இருக்கும்.

சரி, ஓடும் எஞ்சினையே எடுக்க வேண்டியிருந்தால்? நமக்குத் தெரிந்த 5/18 கணக்குதான். மணிக்கு 72 கி.மீ. என்றால் வினாடிக்கு 20 மீட்டர். ஷட்டர் 1/50 வினாடி திறந்திருந்தால் அதற்குள் எஞ்சின் 40 செ.மீ. நகர்ந்துவிடும், எண் மொத்தமும் அழிந்த கோலம்போல ஆகிவிடும். 1/1000 என்றால் 2 செ.மீ.தான், எண் படிக்க வரும். பக்கவாட்டில் கடக்கும்போதுதான் இந்தக் கலங்கல் அதிகம். நம்மை நோக்கிச் சாய்வாக வரும்போது குறைவு. முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும் முக்கால் பார்வையை எல்லாரும் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செல்போனில் எடுப்பவர்களுக்கு (நானும் அதே ஜாதிதான்) இரண்டு சங்கடம். போனின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. வேகமாகக் கடக்கும் எஞ்சினைப் பக்கவாட்டில் எடுத்தால், மேல்வரி படித்த நேரத்துக்கும் கீழ்வரி படித்த நேரத்துக்கும் இடையில் எஞ்சின் நகர்ந்து, பெட்டி சாய்ந்த சுவர்போல விழும். எஞ்சினில் கோளாறு இல்லை. அடுத்தது ஹெட்லைட். அந்த வெளிச்சத்தைப் பார்த்து போன் பயந்து, படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். திரையில் எஞ்சினின் பக்கவாட்டைத் தொட்டு வெளிச்சத்தை நிறுத்திக்கொண்டு எடுங்கள்.

வெயில்தான் நிஜ வாத்தியார். மாம்பலத்தில் பாதை ஏறக்குறைய வடக்குத் தெற்காகப் போகிறது. காலையில் தி.நகர் பக்கம் நின்றால் வெயில் நம் முதுகில், எஞ்சினின் முகத்தில். சாயங்காலம் மேற்கு மாம்பலம் பக்கம் மாறிக்கொள்ள வேண்டும். மத்தியானம் வீட்டில் தூங்குங்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவெயில் தலைக்கு நேர் மேலே நிற்கும். கூரை பளபளக்கும், சக்கரமும் போகியும் கரிப்பானை அடிபோல ஒன்றும் தெரியாது. ரங்கநாதன் தெரு மேம்பாலத்தில் தீபாவளி நெரிசல் நேரத்தில் நிற்கும் வீரத்தனம் வேண்டாம், எஞ்சினுக்குப் பதில் யாருடைய ஜவுளிப் பையோதான் படத்தில் விழும். எனக்குப் பிடித்த இடம் சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே அடையாற்றைக் கடக்கும் ரயில் பாலம். பாலத்தின் மேலே அல்ல, ரோட்டில் எட்ட நின்று. அங்கேயும் கம்பிக் கம்பங்கள் எஞ்சின் மூக்கை மறைக்கும். இரண்டு கம்பத்துக்கு நடுவே எஞ்சின் வரும் நேரத்தைக் காலி வண்டி போகும்போதே பழகிவைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு வருத்தமான விஷயம். போன வருஷம் ஒரு ஸ்டேஷனில் பழைய ஆல்கோ ஒன்று தனியாக நின்றது. பரபரப்பில் யாரிடமும் கேட்கவில்லை, மஞ்சள் கோட்டையும் தாண்டிவிட்டேன். ஒரு காவலர் வந்து தோளைப் பிடித்தார். "யார்ரா நீ, எதுக்கு எடுக்குற?" பாலிடெக்னிக் அடையாள அட்டையைக் காட்டினேன். "படிக்கிற பையன்னா படிக்கிற வேலையப் பாரு, எல்லாத்தையும் அழி" என்றார். பதினொரு படமும் போயிற்று. எண்ணை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. அவர் மேல் கோபம் இருந்தது உண்மை. ஆனால் கோட்டைத் தாண்டியது நான்தான். இப்போதெல்லாம் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து, "சார், மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறேன், எஞ்சின் படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்கிறேன். முடியாது என்று சொன்னவரும் உண்டு, பேசாமல் திரும்பி வந்துவிடுவேன். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். முதலில் எண், ஷெட், தேதி, நேரம். அப்புறம்தான் படம். படத்தை அழிக்கலாம், நோட்டை அழிக்கச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

தண்டவாளத்தில் இறங்கவே இறங்காதீர்கள். 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம் என்பது ஒருபுறம். மின்சார எஞ்சின் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் என்பது இன்னொருபுறம். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, பாலத்திலிருந்து செல்ஃபி குச்சியைக் கிட்டே நீட்டினாலே தாவிப் பிடிக்கும்.

இங்கிலாந்தில் இது பெரிய பொழுதுபோக்கு. பிளாட்பார ஓரத்தில் நோட்டும் கேமராவுமாக நிற்கும் பெரியவர்களை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. அவர்களுடைய 'டெல்டிக்' என்ற 3300 குதிரைத்திறன் டீசல் வகையில் செய்ததே 22 எஞ்சின்தான். 1982 ஜனவரியோடு ஓய்வு கொடுத்தார்கள். அந்த 22-ல் 6 இன்னும் பத்திரமாக இருக்கின்றன, ரசிகர்கள் விடவில்லை. நம்மிடம் ஆயிரக்கணக்கில் இருந்த டபிள்யூ.டி.எம்.-2 பெரும்பாலும் பழைய இரும்பாகப் போய்விட்டது. 2018-ல் வாரணாசியில் சரக்கு டீசலையே பிரித்து மின்சார எஞ்சினாக மாற்றினார்கள். 2020-ல் தொழிற்சாலையின் பெயரிலிருந்தும் 'டீசல்' போய், பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் ஆனது. டீசல் செலவு குறைவது நல்லதுதான், அதை மறுக்கவில்லை. படமாவது மிஞ்ச வேண்டும் என்கிறேன்.

கைக்காசு இருப்பவர்கள் குன்னூர் போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி, அங்கிருந்து ஊட்டி வரை தாத்தா காலத்து அதே ஒய்.டி.எம்.-4. எஞ்சின் மாற்றுவதையும் பார்க்கலாம். நான் இன்னும் போகவில்லை. முதல் சம்பளத்தில் போவதாகத் திட்டம்.

அம்மாவின் குறையையும் தீர்த்தாயிற்று. போன மாதம் மாம்பலத்தில் ஊருக்குப் போகும் வண்டிக்காக நின்றிருந்தபோது, எதிர்ப் பாதையில் ஒரு டீசல் தனியாக வந்து நின்றது. அம்மாவை முன்னால் நிறுத்தி எடுத்தேன். எஞ்சின் எண் அவ்வளவு தெளிவு, ஷெட் பெயரும் விழுந்திருக்கிறது. அம்மாதான் கண்ணைச் சிமிட்டிவிட்டார்கள்.