பீர்க்கங்காய் நாருக்கு அங்கே வேலையில்லை

"எவ்வளவு தேய்ச்சாலும் போகல நர்சம்மா."

ஐந்தாம் மாதச் செக்கப்புக்கு வந்த பெண், மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டம் அகன்று நன்றாகக் கறுத்திருந்தது. அதில் அங்கங்கே கடுகுபோலச் சின்னப் புடைப்புகள். ஓரமெல்லாம் சிராய்ப்பு. தினமும் சோப்பும் பீர்க்கங்காய் நாருமாகத் தேய்த்திருக்கிறாள்.

நான் கிராமச் செவிலியராக இருந்தவள். எடை, ரத்த அழுத்தம் என்று கர்ப்பிணிகள் எல்லாவற்றையும் கேட்பார்கள். மார்பைப் பற்றிக் கேட்க மட்டும் வாய் வராது.

ஜன்னலுக்கு வெளியே காய்த்திருந்த வேப்பமரத்தை அவளுக்குக் காட்டினேன். மார்புக்குள்ளும் அப்படித்தான், 15 முதல் 20 கிளைகள். காய் இருக்கும் இடத்தில் பால் சுரக்கும் நுண்பைகள். குச்சியும் கிளையும்தான் பால் குழாய்கள். அவை சேர்ந்து முலைக்காம்பில் சில சிறு துளைகளாகத் திறக்கின்றன. இடையே நிரம்பியிருப்பது கொழுப்பு. மார்பு பெரிதா சிறிதா என்பது பெரும்பாலும் அந்தக் கொழுப்பைப் பொறுத்தது. பால் சுரப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பக்கம் சற்றுப் பெரிதாக இருப்பதும் சகஜம்.

கரு தங்கியதும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஏறும். குழாய்கள் கிளைவிடும், நுண்பைகள் பெருகும். நாள் தள்ளிப்போன கையோடு மார்பு கனத்து, ரவிக்கை உரசினாலே வலிப்பது அதனால்தான். ரத்த ஓட்டம் கூடுவதால் பச்சை ரத்தக்குழாய்கள் தெரியும். கருவட்டம் கறுப்பதும் ஹார்மோன் வேலையே. பிரசவத்துக்குப் பின் கொஞ்சம் வெளுக்கும்; முழுக்கப் பழைய நிறத்துக்கு வராமலும் போகலாம்.

அந்தக் கடுகுப் புடைப்புகள்? 1837இல் அயர்லாந்து மகப்பேறு மருத்துவர் மான்ட்கோமரி விவரித்து, அவர் பெயராலேயே வழங்கும் சுரப்பிகள். அவற்றில் கசியும் எண்ணெய்ப்பசை தோலை வறளவிடாது. அதன் வாசனை, பிறந்த குழந்தை மார்பைத் தேடிப்போக உதவுகிறது. அவள் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தது அதைத்தான்! வெறும் தண்ணீர் போதும்.

"ரவிக்கையில மஞ்சளா கறை படுதே?"

சீம்பால். கர்ப்பத்தின் நடுவிலேயே ஊறத் தொடங்கிவிடும். சிலருக்குக் கசியும், சிலருக்குக் கசியாது, இரண்டும் சரிதான். பிழிந்து பார்க்கக் கூடாது. நஞ்சுக்கொடி வெளியேறிப் புரோஜெஸ்டிரோன் இறங்கிய பிறகு, 2 முதல் 4 நாளில் பால் பெருகும். அதுவரை சிசுவுக்குச் சீம்பால்தான் சாப்பாடு.

கையில் தட்டுப்படும் கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, ஆரஞ்சுத் தோல்போலக் குழிவிழுந்த தோல்: இவற்றை மட்டும் கர்ப்பக் கணக்கில் எழுதிவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஏழாம் மாதம் வந்தபோது மாமியாரையும் உள்ளே அழைத்து வந்தாள். சிராய்ப்பு ஆறியிருந்தது.

"மொதப் பாலைப் பீச்சிக் கீழ விட்டுட்டுத்தானே குடுக்கணும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள்: "ஒரு சொட்டுகூட விடக்கூடாது அத்தை."