விசில் எத்தனை, எவ்வளவு நேரத்தில்?

தினமும் அதே அரிசி, அதே தண்ணீர், அதே தீ. ஆனாலும் குக்கர் பத்து நிமிடத்தில் எத்தனை விசில் விடும், முதல் விசில் எப்போது வரும் என்பவை நாளுக்கு நாள் மாறும். இரண்டுமே சமவாய்ப்பு மாறிகள்தான். முதலாவது தனிநிலை, இரண்டாவது தொடர். ‘எண்ணினால் தனிநிலை, அளந்தால் தொடர்’ என்ற வகுப்பறை விதி சரிதான். ஆனால் நிகழ்தகவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

உள்ளே ஆவி அழுத்தம் ஏறி வெயிட்டைத் தூக்கினால் ஒரு விசில். அழுத்தம் இறங்கியதும் வெயிட் மறுபடி உட்கார்ந்துவிடும். இரண்டு விசிலுக்கும் மூன்று விசிலுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. கணக்குக்காக 2 விசிலுக்கு 0.2, 3-க்கு 0.5, 4-க்கு 0.3 என்று வைப்போம், கூட்டினால் 1. ‘மூன்று வரை’ என்றால் 0.7, ‘மூன்றுக்குக் குறைவு’ என்றால் 0.2. விசிலுக்கு உச்சவரம்பே இல்லாவிட்டாலும், 0, 1, 2 என்று வரிசையாக எண்ண முடிகிறவரை அது தனிநிலைதான்.

நேரத்தின் கதை வேறு. முதல் விசில் 4-வது நிமிடத்துக்கும் 8-வது நிமிடத்துக்கும் இடையே எப்போது வேண்டுமானாலும், சம வாய்ப்போடு வரும் என்று கொள்வோம். 5-க்கும் 6-க்கும் இடையே வர நிகழ்தகவு 1/4. குறிப்பிட்ட ஒரு விநாடிக்குள் வர 1/240. இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனால், மிகச்சரியாக 5-வது நிமிடத்தில் வர 0!

பலர் தடுமாறுவது இங்கேதான். விசில் ஏதோ ஒரு கணத்தில் வரத்தானே செய்கிறது? வரத்தான் செய்கிறது, அந்தக் கணத்தின் நிகழ்தகவும் பூஜ்யமாகத்தான் இருந்தது. தொடர் மாறியில் பூஜ்யம் என்றால் நடக்கவே நடக்காது என்று பொருளில்லை. நிகழ்தகவு புள்ளியில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. அதனால் ‘5 நிமிடம் வரை’, ‘5-க்குக் குறைவு’ இரண்டுக்கும் ஒரே விடை. இதை வரைபடமாக வரைந்தால் கோட்டின் உயரம் வெறும் அடர்த்தி, அதன் கீழுள்ள பரப்புதான் நிகழ்தகவு. விசில் எப்போதும் அரை நிமிட இடைவெளிக்குள்ளேயே, அதே சம வாய்ப்போடு வருமென்றால் உயரம் 2 ஆகிவிடும். அது தவறல்ல.

ஸ்டாப்வாட்ச் விநாடி விநாடியாகக் காட்டுவதால் நேரம் தனிநிலை ஆகிவிடாது. அது கருவியின் எல்லை.

இரண்டிலும் சேராதவையும் உண்டு. பீன்ஸுக்கு ஒரு விசில் போதும். வந்ததும் அடுப்பை அணைக்கிறோம், வராவிட்டாலும் 7-வது நிமிடத்தில் அணைத்துவிடுகிறோம். முதல் விசிலுக்கு அதே 4–8 நிமிடக் கணக்கை வைத்தால், அடுப்பு எரியும் நேரத்தின் நிகழ்தகவு 4 முதல் 7 வரை பரவிக் கிடக்கிறது. மிகச்சரியாக 7-இல் மட்டும் 1/4 கட்டியாக நிற்கிறது. 1933-இல் கணிதவியலாளர் கோல்மொகொரோவ் நிகழ்தகவுக்கு அமைத்த அடித்தளத்தில் இதற்கும் இடமுண்டு. சராசரி காண, பரவிய பகுதியில் நேரத்தை அடர்த்தியால் பெருக்கித் தொகையிட்டால் 4.125, கட்டியை 7-ஆல் பெருக்கினால் 1.75. இரண்டையும் கூட்டினால், அடுப்பு சராசரியாக 5.875 நிமிடம் எரியும்.