கம்பளத் துப்புரவு வான்களில் வெப்பமும் நீரோட்டமும்: ஒரு பௌதிக நோக்கு

குளிர்நாடுகளில் வீட்டுத் தளத்தைச் சுவருக்குச் சுவர் கம்பளத்தால் மூடும் வழக்கம் உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் இவ்வழக்கம் சாதாரண மக்களின் இல்லங்களுக்கும் பரவிற்று. தளத்தோடு பிணைக்கப்பட்ட கம்பளத்தை வெளியே கொண்டுசென்று கழுவுதல் இயலாது. ஆதலால் கழுவும் இயந்திரமே வீட்டை நாடிச் செல்லவேண்டியதாயிற்று. 1970களில் அந்நாடுகளிற் பரவத் தொடங்கிய கம்பளத் துப்புரவு வான்கள் இத்தேவையின் விளைவாகும். இவ்வான்களை இயக்குவோர் நாள்தோறும் எதிர்நோக்கும் பிரச்சினை ஒன்று உண்டு. நீரைப் போதிய சூட்டிலும் போதிய அளவிலும் ஒருங்கே பெறுவது எவ்வாறு என்பதே அது. இதன் அடிப்படையைப் பாடசாலைப் பௌதிகத்தின் துணைகொண்டு இக்கட்டுரையில் விளக்க முனைகின்றோம்.

இயந்திரத்தின் அமைப்பு

இவ்வியந்திரங்கள் இருவகைப்படும். ஒருவகையில் வானின் பின்புறத்திற் பொருத்தப்பட்ட தனி எஞ்சின் ஒன்று வேலை செய்யும். மற்றைய வகையில் வானை ஓட்டும் எஞ்சினே, வண்டி நிற்கும்போது துப்புரவு இயந்திரத்தையும் இயக்கும். இருவகையிலும் எஞ்சினுக்கு இரண்டு பணிகள் உள. முசலப் பம்பி ஒன்றை இயக்கி நீரை உயர் அமுக்கத்திற் செலுத்துதல் ஒன்று. வளியூதி ஒன்றை இயக்கி, அழுக்கு நீரைக் கம்பளத்திலிருந்து உறிஞ்சி வானிலுள்ள தாங்கியிற் சேர்த்தல் மற்றொன்று. நீர் நீண்ட இறப்பர்க் குழாய் வழியே வீட்டினுட் சென்று, தொழிலாளியின் கைக்கோலின் நுனியிலுள்ள தாரைவாய்களாற் கம்பளத்தின் மீது தெளிக்கப்படுகின்றது.

நீரைச் சூடாக்குவதற்குப் பல இயந்திரங்களில் தனி அடுப்பு இல்லை. எஞ்சின் வீணாக வெளிவிடும் வெப்பமே பயன்படுகின்றது. பெற்றோல் எஞ்சின் ஒன்று தான் எரிக்கும் எரிபொருளின் சத்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கையோ அதிலுங் குறைந்த பங்கையோதான் பயன்தரு வேலையாக மாற்றுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி எஞ்சினைக் குளிராக்கும் திரவத்தையும் புகைக்குழாய் வாயுவையும் சேர்கின்றது. வளியூதியிலிருந்து வெளியேறும் காற்றும் நெருக்கப்பட்டமையாற் சூடாகவே இருக்கும். இம்மூன்று ஊற்றுக்களிலிருந்தும் வெப்பமாற்றிகள் நீருக்கு வெப்பத்தைக் கடத்துகின்றன.

வெப்பக் கணக்கு

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோயூல் வெப்பம் வேண்டும். எனவே நீருக்குக் கிடைக்கும் வெப்பத்தின் வீதம், நீரோட்ட வீதம், வெப்பநிலை ஏற்றம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. வெப்ப வீதம் மாறாதிருக்க, ஓட்டத்தை இருமடங்காக்கினால் ஏற்றம் பாதியாகும்.

ஓட்டத்தை நிர்ணயிப்பவை தாரைவாயின் பருமனும் அமுக்கமுமாகும். அமெரிக்க வழக்கிற் ‘6’ எனக் குறிக்கப்படும் தாரைவாய், சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அமுக்கத்தில் நிமிடத்துக்கு 0.6 அமெரிக்கக் கலன் நீரை விடும். ஓட்டம் அமுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாகும். ஆகவே 400 இறாத்தல் அமுக்கத்தில் அதே வாயினூடாக 1.9 கலன், அதாவது ஏறத்தாழ 7.2 லீற்றர் நீர் செல்லும். 15 பாகையிலுள்ள இந்நீரை 90 பாகைக்கு உயர்த்த வேண்டுமாயின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,270 கிலோயூல், அதாவது 38 கிலோவாற்று தேவை.

இனி வரவை நோக்குவோம். எஞ்சின் மணிக்கு 6 லீற்றர் பெற்றோலை எரிப்பதாகக் கொள்க. லீற்றர் ஒன்றில் ஏறத்தாழ 32 மெகாயூல் இருத்தலால், மொத்த வரவு 53 கிலோவாற்றாகும். இதிற் பாதியளவான 25 கிலோவாற்று நீரைச் சேர்கின்றதெனக் கொண்டால், விசையை இடைவிடாது அழுத்தி வேலை செய்பவனுக்கு 50 பாகை ஏற்றமே கிடைக்கும். நீர் 65 பாகையில் வெளிவரும். ஆனால் எத்தொழிலாளியும் இடைவிடாது தெளிப்பதில்லை. தெளித்தபின் நீரை உறிஞ்சுவதற்காக மட்டும் கோலை இழுக்கும் வேளைகளும், தளபாடங்களை நகர்த்தும் வேளைகளும் உள. நேரத்தின் மூன்றில் இரண்டு பங்கில் மட்டும் விசை திறந்திருப்பின், சராசரி ஓட்டம் 4.8 லீற்றராகும். ஏற்றம் ஏறத்தாழ 75 பாகையாகும். விரும்பிய 90 பாகை கிடைத்துவிடுகின்றது. ஒரே இயந்திரம் ஒருவர் கையிற் சூடாகவும் மற்றொருவர் கையிற் சூடு குறைந்தும் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

விசை மூன்றிலொரு பங்கு நேரமே திறந்திருந்தால், சராசரி ஓட்டம் 2.4 லீற்றராகக் குறைந்து வெப்பம் மிகும். அப்போது காப்பு வால்வு திறந்து சூடான நீரைக் கழிவுத் தாங்கியிற் கொட்டும். 90 பாகையில் நிலைநிறுத்துவதற்கு நிமிடத்துக்கு 2.4 லீற்றரைக் கொட்டவேண்டும். மணிக்கு இது 144 லீற்றராகும். கம்பளத்தைத் தொடாத நீரினாலேயே 300 லீற்றர்த் தாங்கி ஒன்று ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழப் பாதி நிரம்பிவிடும். வரட்சிக்குட்படும் கலிபோர்னியா போன்ற பிரதேசங்களில் இது சிறு நட்டமன்று. எஞ்சின் வேகத்தைக் குறைத்தல் அல்லது புகைக்குழாய் வாயுவை வெப்பமாற்றியைச் சேராது பக்கவழியில் திருப்பிவிடுதல் இதற்குரிய நேரிய பரிகாரமாகும். தாரைவாயைப் பெரிதாக்குவதாலும் சூடு தணியும். ஆயினும் கம்பளம் மிகையாக நனைந்து, உலரத் தாமதித்துப் பூஞ்சணம் பிடிக்க இடமுண்டு.

ஒரு தவறான கருத்து

“நீர் விரைந்து ஓடினால் வெப்பத்தைப் பற்றிக்கொள்ள நேரமில்லை; ஆதலால் வெப்பம் வீணாகின்றது” என்று கூறப்படுவதுண்டு. விரைந்தோடும் நீர் குறைந்த வெப்பநிலையில் வெளிவருகின்றது என்பது மெய்யே. ஆனால் அது பெறும் மொத்த வெப்பம் குறைவதில்லை. வெப்பமாற்றியில் வெப்பம் கடத்தப்படும் வீதம், சூடான பக்கத்துக்கும் நீருக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. நீர் குளிர்ச்சியாக இருக்குமளவுக்கு அது அதிக வெப்பத்தை ஈர்க்கும். மெதுவாக ஓடும் நீர் மிகுந்த சூடு பெறினும், எஞ்சினிலிருந்து எடுக்கும் மொத்த வெப்பம் குறைவாகவே இருக்கும். எனவே நாம் வினவவேண்டியது, “எத்துணைச் சூடு?” என்பது மட்டுமன்று, “எத்துணை நீர் எத்துணைச் சூட்டில்?” என்பதே.

குழாயில் ஏற்படும் இழப்பும் இவ்வுண்மையை வலியுறுத்துகின்றது. 6 மில்லிமீற்றர் உள்விட்டமும் 30 மீற்றர் நீளமுமுள்ள குழாய் ஏறத்தாழ 0.85 லீற்றர் நீரைக் கொள்ளும். நிமிடத்துக்கு 7.2 லீற்றர் ஓடும்போது நீர் அதனை 7 செக்கனிற் கடந்துவிடும். 2 லீற்றர் ஓடும்போது 25 செக்கன் செல்லும். வழியிற் தங்கும் நேரம் மிக மிக, நீர் மிகுதியாகக் குளிரும். பனிக்காலத்தில் வெளியே கிடக்கும் குழாயில் இவ்விழப்பு இன்னும் பெரிதாகும். ஆகவே வானிலுள்ள வெப்பமானி காட்டும் எண்ணைக் கம்பளத்திற் படும் நீரின் வெப்பநிலையாகக் கொள்ளுதல் தவறாகும்.

எல்லைகளும் ஆபத்துக்களும்

அமுக்கம் 400 இறாத்தலாக இருக்கையில் நீர் ஏறத்தாழ 230 பாகையிலேயே கொதிக்கும். ஆதலால் குழாயினுள் 110 பாகை நீரும் திரவமாகவே இருக்கும். தாரைவாயை விட்டு வெளியேறிய கணத்திலேயே அதில் ஒரு பகுதி ஆவியாகும். ஆயினும் அது நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டுமே. ‘ஆவித் துப்புரவு’ என மக்கள் வழங்கும் பெயர் பொருத்தமற்றது. கம்பளத்தைக் கழுவுவது சுடுநீரே.

வெப்பம் எண்ணெய்ப் பசையை இளக்குகின்றது. சவர்க்காரப் பொருள்களின் தாக்கத்தை விரைவாக்குகின்றது. ஆனால் கம்பளி நாரும் சில சாயங்களும் மிகுந்த சூட்டையும் காரத்தையும் ஒருங்கே தாங்கா. மேலும் 60 பாகை நீரே மனிதத் தோலைச் சில செக்கன்களிற் சுட்டுவிடும். வெடித்த குழாயொன்றிலிருந்து பீறிடும் 100 பாகை நீர் தொழிலாளிக்கும், அவ்வீட்டுக் குழந்தைகளுக்கும் கொடிய தீங்கு விளைவிக்கும். வெப்பம் வேண்டி எஞ்சினை நெடுநேரம் ஓடவிடும்போது வெளிப்படும் காபனோரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. புகைக்குழாய் வீட்டின் கதவையோ யன்னலையோ நோக்காதவாறு வானை நிறுத்துதல் உயிர்காக்கும் விதியாகும்.

வன்னீர் வழங்கும் ஊர்களில் இன்னுமொரு தொல்லை உண்டு. சூடேறும் நீரிலிருந்து கல்சியங் காபனேற்று படிந்து வெப்பமாற்றியின் உட்புறத்தை மூடும். அப்படிவு வெப்பக் கடத்தலையும் நீரோட்டத்தையும் ஒருங்கே குறைக்கும். எஞ்சின் பழுதென எண்ணிப் பணம் செலவிடுவதற்குமுன் இதனைச் சோதித்தல் நன்று.

சோதனை எளிது. குழாய் முழுவதையும் இணைத்து, தாரைவாயை வாளியின் உட்புறத்தே அணுக வைத்து, ஓட்டம் நிலைபெற்றபின் ஒரு நிமிட நீரைச் சேர்த்து அளக்க. 20 பாகையில் உட்சென்ற நீர் 6 லீற்றராக 80 பாகையிற் சேர்ந்ததாயின், 6ஐ 60ஆலும் 4.2ஆலும் பெருக்க 1,512 கிலோயூல் வரும். அதனை 60 செக்கனால் வகுக்க, ஏறத்தாழ 25 கிலோவாற்று ஆகும். தெளிக்கும்போது துளிகள் காற்றிற் சிறிது குளிர்வதால் மெய்யான பெறுமானம் சற்று மிகும். இவ்வெண்ணை இயந்திரம் புதிதாக இருக்கும்போது குறித்துவைத்தால், பின்னர் ஏற்படும் குறைவு நீரோட்டத்தாலா வெப்பக் குறைவாலா என்பதை ஐயமற அறியலாம். ஒரு வாளியும் மணிக்கூடும் வெப்பமானியும் கொண்டு இவ்வளவையும் செய்தல் கூடும். தொழிலாளி தன் கருவியைத் தானே விளங்கிக்கொள்வதற்கு இதனிலும் பெரிய ஆய்வுகூடம் வேண்டுவதில்லை.