உங்களுக்குத் தெரியுமா? செத்த சுறா ஏன் அப்படி நாறுகிறது?

சுறாவின் ரத்தத்திலும் சதையிலும் யூரியா நிறைந்திருக்கிறது! கடல் உப்பைத் தாக்குப்பிடிக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. செத்ததும் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றிவிடும். மூக்கைத் துளைக்கும் நெடி அதனால்தான்.

• கலிஃபோர்னியாவில் கயாக் படகில் போய், கரும்புள்ளிச் சிறுத்தைச் சுறாவைப் பிடித்துச் சமைக்கிறவர்கள் உண்டு. பிடித்த கையோடு செவுளை அறுத்து, ரத்தம் முழுக்க வடியவிட்டு, குடலை எடுத்து, ஐஸில் புதைத்துவிட வேண்டும். தாமதித்தால் கறி பாழ்.

• அங்கே 36 அங்குலத்துக்குக் குறைந்த சிறுத்தைச் சுறாவை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருவருக்கு 3தான். பெண் சுறா குட்டி போடும் பருவத்தை எட்டவே பத்தாண்டு ஆகிவிடும்; இந்தக் கண்டிப்பு நியாயமானதே.

• பெரிய சுறாக்களில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சுறா வேண்டாம்.